அப்துல்ரசாக் குர்னாவை எங்கிருந்து தொடங்குவது?

தட்டாதெருச் சந்தி:

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பது பேர். மாதத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தையில் கூடுவோம். ஒருவர் ஓர் எழுத்தாளரைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் தேநீரும் வடையும் முடியும்வரை குறுக்கே கேள்வி கேட்பார்கள். இந்த முறை தலைப்பு 'இன்றைய பிரித்தானிய நாவலாசிரியர் ஒருவர்'. சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்துவிட்டது. நான் அப்துல்ரசாக் குர்னா என்று சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருவர், "அவர் ஆபிரிக்கர் அல்லவா, எந்தக் கணக்கில் பிரித்தானியர்?" என்று கேட்டார். பதில் தெரியாமல் வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், அவருடைய ஒரேயொரு நாவலைத்தான் தொட்டிருக்கிறேன்: 'பை த சீ'. கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் ரயிலில் வாசித்துவிட்டு எங்கள் வீட்டில் விட்டுப்போன பிரதி. அறுபதாம் பக்கத்தோடு நின்றுவிட்டேன். ஒரு கிழவர் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். பிறகு ஊதுகட்டையைப் பற்றியும் பழைய தளபாடங்களைப் பற்றியும் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கதை எங்கே போகிறது என்று விளங்கவில்லை. பிழை என்னிடமா, புத்தகத்திலா?

இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் அதே நான்கு வரி: சன்சிபாரில் பிறந்தார், அகதியாக இங்கிலாந்து போனார், பேராசிரியரானார், 2021இல் நோபல் பரிசு பெற்றார். இந்த நான்கு வரியும் ஐந்து நிமிடத்துக்குக்கூடத் தாங்காது. எனக்குத் தந்திருப்பது முக்கால் மணித்தியாலம். தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

பழைய ரீச்சர்:

பிள்ளை, வடையைக் கடித்தது நல்லது. அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. 1968இலிருந்து இங்கிலாந்தில் இருக்கிறார். வெளிவந்த நாவல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, லண்டனில் பதிப்பிக்கப்பட்டவை. ஓய்வுபெறும்வரை கென்ற் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். இவரைப் பிரித்தானியர் இல்லை என்று சொல்பவர், ரொறன்ரோவில் வீடு வாங்கி, வரி கட்டி, பனி வழித்துக்கொண்டிருக்கும் தன் சொந்தச் சித்தப்பாவை என்னவென்று சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள். சன்சிபார்க்காரர் என்பதும் உண்மைதான். இரண்டில் ஒன்றை வெட்டினால்தான் மற்றது நிற்கும் என்று யார் சொன்னது?

இனி அந்த நான்கு வரியை அவிழ்ப்போம். பிறந்தது 1948 டிசம்பரில். சன்சிபார் கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத்தில் கடல் வாணிபத்தால் பிழைத்த தீவு. வருடத்தில் ஒரு காற்று அரேபியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாய்க்கப்பல்களைக் கொண்டுவந்து சேர்க்கும். எதிர்க்காற்று எழும்பும்போது அவை திரும்பிப் போகும். வடகிழக்குக் காற்றுக்கு அங்கே கஸ்காசி என்று பெயர், தென்மேற்குக் காற்றுக்குக் குசி. எங்களுக்கு வாடையும் சோளகமும். என் அப்பப்பா ஊர்காவற்றுறையிலிருந்து ரங்கூனுக்குப் பாய்க்கப்பலில் போய் வந்தவர். வாடை பிந்தினால் அவர் வரவும் பிந்தும் என்று அப்பாச்சி சொல்லுவார். 'பை த சீ'யின் தொடக்கத்தில் அந்த வியாபாரிகள் வரும் பக்கங்களை வாசித்தபோது எனக்கு அப்பாச்சியின் குரல்தான் கேட்டது. விமர்சகர்கள் இதைப் 'பின்காலனியம்' என்பார்கள். எனக்கு அது ஊர்க்காற்று.

சிறுவயதில் குர்ஆன் பள்ளிக்கூடமும் ஆங்கிலேயரின் பள்ளிக்கூடமும். வீட்டில் பேசியது சுவாகிலி. 1963 டிசம்பரில் சுதந்திரம் கிடைத்தது. ஒரு மாதம்தான் கடந்திருந்தது, சரியாகச் சொன்னால் ஐந்து கிழமைக்குள், 1964 ஜனவரி 12ஆம் திகதி புரட்சி. சுல்தான் ஓடிவிட்டார். அரபு வழியினரும் இந்திய வழியினரும் கொல்லப்பட்டார்கள், துரத்தப்பட்டார்கள். குர்னாவின் குடும்பமும் அரபு வழி வந்ததுதான். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. இங்கிலாந்தில் வந்து இறங்கும்போது இருபதை எட்டியிருக்கவில்லை. அந்த 1968 ஏப்ரலில்தான் இனொக் பவல் என்ற அரசியல்வாதி பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கினார். படிக்க வந்த பையனுக்கு நல்ல வரவேற்பு!

கன்டர்பரியில் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக வேலை பார்த்தார். இரண்டாவது நாவலான 'பில்கிரிம்ஸ் வே'யின் தாவூத் அதே நகரத்தில் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்தான். எழுதத் தொடங்கியது இருபத்தொரு வயதில். எழுத்தாளராக வேண்டும் என்று திட்டம் போட்டு அல்ல, ஊர் நினைவு தாங்காமல். முதல் நாவல் 'மெமரி ஒவ் டிபாச்சர்' அச்சில் வந்தது 1987இல். இடையில் எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இடைவெளியில் மேற்கு ஆபிரிக்கப் புனைகதை விமர்சனத்தைப் பற்றி ஆய்வேடு எழுதி 1982இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். நைஜீரியாவில் கானோ நகரப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். நான் முப்பத்தொரு வருடம் உயர்தர மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தியவள். பகலில் பிறருடைய வசனத்தைத் திருத்திவிட்டு இரவில் தன்னுடையதை எழுதுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். 1984இல்தான் அவரால் முதன்முறையாகச் சன்சிபாருக்குத் திரும்பிப் போக முடிந்தது. தகப்பனைப் பார்த்தார். அதன் பிறகு தகப்பன் அதிக காலம் இருக்கவில்லை.

தொடங்குவதற்கு என் கட்சி 'பாரடைஸ்'. 1994இல் புக்கர் குறும்பட்டியலுக்கு வந்த நாவல். யூசுப் என்ற பன்னிரண்டு வயதுப் பையனை, தகப்பன் பட்ட கடனுக்காக, 'மாமா' என்று அழைக்கப்படும் வியாபாரியோடு அனுப்பிவிடுகிறார்கள். பையனுக்குத் தான் அடகுப் பொருள் என்பதே தெரியாது. ரயில் பயணம் என்று சந்தோஷமாகப் போகிறான்.

நேர்க்கேள்வி:

எல்லாம் சரி. 1994இல் புக்கர் பட்டியலுக்கு வந்தவரை 2021 வரை இங்கே எத்தனை பேர் வாசித்தீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். நோபல் கிடைத்திராவிட்டால் இந்த இழையே இருந்திராது.

பழைய ரீச்சர்:

இருந்திராதுதான். எனக்கு அதில் வெட்கமும் இல்லை. பரிசு கிடைத்த செய்தி தொலைபேசியில் வந்தபோது குர்னாவே சமையலறையில் நின்றுகொண்டு, யாரோ விற்பனைக்காரர் தொல்லை கொடுக்கிறார் என்று நினைத்தாராம். அதற்கு முன்பே பத்து நாவல்கள் வந்திருந்தன. பத்து! பரிசு அறிவித்த கிழமையில் அமெரிக்காவில் புத்தகக் கடைக்காரர்களே பிரதி இல்லாமல் திண்டாடினார்கள். தாய்மொழியான சுவாகிலியில் 'பாரடைஸ்' வந்தது 2022இல்தான், 'பெபோனி' என்ற பெயரில். சொந்த மொழிக்காரரே அப்போதுதான் கையில் எடுத்தார்கள் என்றால் கொக்குவிலில் இருக்கும் நான் பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இதற்குள் இன்னொன்றையும் செருகிவிடுகிறேன். சுவாகிலிச் சொல்லும் அரபுச் சொல்லும் ஆங்கில வசனத்துக்குள் வரும்போது அவற்றைச் சாய்வெழுத்தில் போட்டுத் தனிமைப்படுத்துவது அவருக்குப் பிடிக்காது. அந்நியச் சொல் என்று அடையாளம் குத்துவது போல இருக்கிறதே என்பார். தெரியாத சொல் வந்தால் வாசிப்பவர் கொஞ்சம் தடுக்கி விழட்டும். நாங்கள் சின்ன வயதில் டபடில் பூ என்றால் என்னவென்று தெரியாமலே கவிதை மனப்பாடம் செய்யவில்லையா?

திரும்பி வந்தவன்:

ரீச்சரோடு இந்த இடத்தில் மாறுபடுகிறேன். தங்கச்சி, 'பை த சீ'யை விடாதீர்கள். அறுபதாம் பக்கத்தில் கைவிடுவது, வள்ளம் ஏறிவிட்டுப் பாய் விரிக்க முன்பே இறங்கி வருவது மாதிரி.

நான் 1998இல் போய் 2016இல் திரும்பி வந்தவன். அந்தப் புத்தகத்தின் விமான நிலையக் காட்சியை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சாலே ஒமார் என்ற அறுபத்தைந்து வயது மனிதர் வேறொருவருடைய பெயரில் உள்ள கடவுச்சீட்டோடு கட்விக்கில் வந்து இறங்குகிறார். ரிக்கெற் விற்றவன் அவருக்குச் சொல்லி அனுப்பிய புத்திமதி: ஆங்கிலம் தெரியும் என்று காட்டாதே. எங்கள் ஏஜென்சிக்காரன் எனக்குச் சொன்னதும் அதேதான், சொல்லுக்குச் சொல். நான் உயர்தரத்தில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி எடுத்தவன். அதிகாரிகள் இருவர் என் முன்னாலேயே என் சப்பாத்தைப் பற்றிப் பகிடி விட்டார்கள். விளங்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த முகத்தை வைத்திருப்பது கல்லுடைப்பதைவிடக் கடினம்.

சாலே ஒமாரின் பையைக் கிளறும் அதிகாரி, அதற்குள் இருக்கும் சின்னப் பேழையைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். உள்ளே அகில், ஊத் அல் கமாரி. விலைமதிப்பில்லாத சாமான். கடைசியில் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார். அந்த அதிகாரியின் தாய் தகப்பனே ருமேனியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அதை அவரே சொல்லிவிட்டு, ஆனால் அவர்கள் ஐரோப்பியர், குடும்பத்துக்குள்ளே உள்ளவர்கள் என்றும் சொல்கிறார். குர்னா அந்த இடத்தில் குரலை உயர்த்துவதில்லை. கிழவர் பேசாமல் கேட்டுக்கொண்டு இருக்கிறார். வாசிக்கும் எங்களுக்குத்தான் காது சுடும்.

என் பையில் அகில் இல்லை. அம்மா கட்டித் தந்த ஒடியல் மா இருந்தது, ஒரு கிலோ, பழைய பால்மா டின்னில். மங்கல் நிற மா, அந்த மணம் வேறு. நினைத்துப் பாருங்கள். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு விரல் நுனியில் தொட்டார். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை டின்னை மேசை நடுவில் வைத்துவிட்டு நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

வந்தவர் தமிழர்தான், ஆனால் எங்கள் பக்கத்தவர் அல்ல. நல்ல மனிதர். "சோதனைச் சாவடியில் என்ன நடந்தது?" என்று கேட்டார். "அந்தப் பொறுப்பாளரோடு அரை மணித்தியாலம் கதைத்தேன், பிறகு விட்டார்" என்றேன். அவர் அதிகாரிக்குச் சொன்ன ஆங்கிலம் எனக்கு விளங்கியது: இவர் அரை மணித்தியாலம் அவருக்குக் கதை சொன்னாராம். அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்ன கதை?" எனக்குத்தான் ஆங்கிலம் தெரியாதே! திருத்தவும் முடியவில்லை. 'கதைத்தேன்' என்ற ஒரு சொல்லால் என் கேஸ் எத்தனை மாதம் இழுபட்டது என்று நான் எண்ணவில்லை. அது மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன்.

பல வருடம் கழித்து இந்த நாவலை லண்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பவுணுக்கு வாங்கி வாசித்தேன். பின்பாதி முழுக்க இரண்டு ஆண்கள் ஓர் அறையில் இருந்து கதைக்கிறார்கள். ஒருவர் சாலே ஒமார். மற்றவர் லத்தீப் மஹ்மூத், லண்டனில் பேராசிரியர். கிழவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்து மொழிக்கு ஆள் தேடியபோது அகப்பட்டவர். இருவரும் ஒரே ஊர், ஒரே தெருப்பக்கம், ஒரு பழைய பகை. "கதை எங்கே போகிறது" என்று கேட்டீர்களே, அது எங்கும் போகவில்லை. அவர்கள் கதைக்கிறார்கள், எங்கள் தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள இரண்டு அர்த்தத்திலும். சாலே ஒமார் எந்தப் பெயரில் வந்திறங்கினார், அந்தப் பெயர் யாருடையது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். மிச்சத்தைச் சொன்னால் என்னை அடிப்பீர்கள்.

சோனகதெரு:

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்லலாமா? நீங்கள் எல்லாரும் 'அகதி' என்ற சொல்லைக் கேட்டதும் விமான நிலையத்தைப் பார்க்கிறீர்கள். கொழும்புத்துறைக்கும் நல்லூருக்கும் இடையிலேயே அகதியானவர்கள் இருக்கிறோம்.

1990 ஒக்ரோபர் கடைசியில் எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலம். உம்மா அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம் முழுக்க அந்தத் திறப்பு ஒரு ஆணியில் தொங்கியது. கதவு எப்போதோ போய்விட்டது என்று எங்களுக்குத் தெரிந்த பிறகும் தொங்கியது.

குர்னாவை நான் வாசிப்பது அந்தத் திறப்பால்தான். அவருடைய சனங்களைத் துரத்தியவர்கள் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர். அதே தெருவில் இருந்தவர்கள், ஒரே மொழி பேசியவர்கள். இதை அவர் ஒப்பாரியாக எழுதியிருந்தால் நான் ஒரு புத்தகத்தோடு விட்டிருப்பேன். அவர் தன் பக்கத்தையும் தப்ப விடுவதில்லை. ரீச்சர் சொன்ன 'பாரடைஸ்' அப்படித்தான். ஜெர்மன்காரர் வந்து எல்லாவற்றையும் பிடிக்க முன்பு அங்கே சொர்க்கமா இருந்தது? கடனுக்குப் பிள்ளையை எடுத்துக்கொள்ளும் அந்த 'மாமா' ஓர் அரபு வழி வியாபாரி. குர்னாவின் சொந்த ஆட்கள் என்றே சொல்லலாம். நல்ல உடுப்பு, மெல்லிய பேச்சு, அத்தர் மணம். அவரைக் கெட்டவராகக்கூடக் காட்டவில்லை. அதுதான் பயங்கரம். கரையோரத்து ஆட்கள் உள்நாட்டு மனிதர்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை எல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

தளபாடம் பக்கம் பக்கமாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். சாலே ஒமார் தளபாட வியாபாரி. அவருடைய கடையில் ஒரு சின்னக் கருங்காலி மேசை இருக்கிறது. அது முன்பு ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீடும் சாமானும் கைமாறிய பிறகு, அந்த மேசையையாவது திருப்பித் தரும்படி கேட்டு ஒரு பையனை அனுப்புகிறார்கள். அவர் கொடுக்கவில்லை. அந்தப் பையன் வளர்ந்து பேராசிரியரான பிறகும் அதை மறக்கவில்லை. (திரும்பி வந்தவன் அண்ணை, இவ்வளவு சொன்னதற்கு மன்னியுங்கள்.)

2003இல் உம்மாவோடு முதன்முறை ஊருக்கு வந்தேன். எங்கள் வளவில் சுவர் மட்டும் நின்றது. இரண்டு ஒழுங்கை தள்ளி, எங்களுக்குப் பழக்கமான ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனோம். அழுது கட்டிப்பிடித்தார். தோசை சுட்டுத் தந்தார். குசினி வாசலில் எங்கள் ஆட்டுக்கல் இருந்தது. விளிம்பில் ஒரு பக்கம் உடைந்திருக்கும், அது நான் கல் போட்டு உடைத்தது. உம்மா கண்டார். அந்த அம்மா உம்மா கண்டதைக் கண்டார். "உங்களுடையதுதான். மழையில் கிடந்தது என்று எடுத்து வைத்தேன். கொண்டு போங்கள்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். உம்மா, "இருக்கட்டும், பஸ்ஸில் எப்படிக் கொண்டு போவது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டு வாங்கினார். உம்மா ஒரு தோசைக்கு மேல் சாப்பிடுகிறவர் அல்லர்.

உங்கள் விறாந்தையில் குர்னா அகதிகளைப் பற்றி எழுதினார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடாதீர்கள், தங்கச்சி. யார் யாருடைய மேசையை வைத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதினார்.

பழைய ரீச்சர்:

தம்பி எழுதியதற்குப் பிறகு நான் பெரிதாக எதுவும் சொல்வதற்கில்லை. ஒரு விபரம் மட்டும். முதலாம் உலகப் போர் முடிந்த பிறகான வாழ்க்கையை எழுதியது 'ஆஃப்ற்றர்லைவ்ஸ்', 2020இல் வந்தது. ஹம்சா என்ற பையன் ஜெர்மன் படையில் சேர்ந்து, காயத்தோடு ஊர் திரும்பி, மரவேலைப் பட்டறையில் வேலை தேடுகிறான். நோபலுக்குப் பிறகு 2025இல் 'தெஃப்ற்' வந்தது. எழுபத்தாறு வயதில். நேர்க்கேள்விக்காரர் குறித்துக்கொள்ளவும்: பரிசு வாங்கியதும் பேனையை மூடிவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர்.

தட்டாதெருச் சந்தி:

எல்லாருக்கும் நன்றி. நூற்று எண்பதாம் பக்கத்துக்கு வந்துவிட்டேன். மேசை வந்துவிட்டது. இரவு ஒரு மணிக்கு அம்மா எழும்பி வந்து லைற்றை அணைத்துவிட்டுப் போனார். கைபேசி வெளிச்சத்தில் வாசித்தேன்.

முக்கால் மணித்தியாலத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டவள், இப்போது எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வரிக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். காற்றின் பெயர்களோடு தொடங்கி, விமான நிலையத்துக்குப் போய், மேசையில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். "எந்தக் கணக்கில் பிரித்தானியர்" என்று கேட்டவருக்கு ரீச்சரின் சித்தப்பா பதிலைச் சொல்லப் பயமாக இருக்கிறது, அவருடைய சித்தப்பா உண்மையிலேயே ரொறன்ரோவில்தான் இருக்கிறார்.

சோனகதெரு அண்ணை, ஆட்டுக்கல்லைப் பற்றி அங்கே சொல்ல உங்களிடம் அனுமதி கேட்கிறேன். வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்தவன் அண்ணை, ஒரு கேள்வி பாக்கி. அந்த ஒடியல் மா கடைசியில் என்னவாயிற்று?

சோனகதெரு:

சொல்லுங்கள். தோசையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தவன்:

திருப்பித் தந்தார்கள். முத்திரை குத்திய நெகிழிப் பையில், மேலே எண் எழுதி. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் சேர்ந்து கூழ் காய்ச்சினோம். மீன் கிடைத்தது, நண்டும் கிடைத்தது. பலாக்கொட்டைதான் கிடைக்கவில்லை.